முதுமையும் மருந்தும்

நோயை நீக்குதற்பொருட்டு ஏற்பட்டது மருந்து. ஆயின் அம்மருந்தே சில வேளைகளில் நோயாய் வந்து நிற்பதும் உண்டு. இளையோரிடத்து அரிதாகவும் முதியோரிடத்து அடிக்கடியும் நிகழும் இத்தீங்கினைக் குறித்துச் சில கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். நம் கல்லூரி மாணவருட் பலர் பாட்டனார் பாட்டியாரோடு ஒரே இல்லத்தில் வாழ்பவர். ஆசிரியர் பலருக்கு முதிய பெற்றோர் உளர். பழைய மாணவருட் சிலர் தாமே அப்பருவத்தை எய்தியவர். ஆதலின் இப்பொருள் நம்முள் யாவர்க்கும் உரியதென்பதில் ஐயமில்லை.

2011ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி புதுக்கோட்டை மாவட்டத்தின் மக்கள்தொகை 16,18,345. அக்கணக்கின்படியே இந்திய நாட்டில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர் நூற்றுக்கு 8.6 பேர், தமிழ்நாட்டிலோ 10.4 பேர். நம் முன்னோர் காணாத நெடிய வாழ்நாளை நம் காலத்து மக்கள் பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் ஆண்டுகள் ஏற ஏற இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், மூட்டு நோவு, இதய நோய், உறக்கமின்மை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாய் வந்து சேர்கின்றன. நோய்தோறும் ஒரு மருந்து உண்டு. அம்மருந்தைத் தரும் மருத்துவரும் உளர். தனித்தனியே நோக்குமிடத்து அவற்றுட் பெரும்பாலன நல்ல மருந்துகளே. அங்ஙனமாயின் தீங்கு எங்கிருந்து வருகின்றது எனின், மருந்தைச் சேர்ப்பவர் பலர், சேர்ந்தவற்றை ஒருங்கே நோக்குபவர் ஒருவரும் இலர் என்னும் நிலையினின்று வருகின்றது. இதனை விளக்குதற்கு முதலில் முதுமையில் உடல் அடையும் மாறுதல்களை அறிதல் வேண்டும்.

முதியவர் உடல் இளையவர் உடலின் நரைத்த வடிவம் மட்டும் அன்று. மருந்தை ஏற்கும் முறையிலேயே அது வேறுபட்டது. உட்கொண்ட மருந்துகளுட் பலவற்றை வெளியேற்றும் உறுப்பு சிறுநீரகம். நடுவயதிற்குப் பின் பெரும்பாலோர்க்கு அதன் வடிகட்டும் ஆற்றல் சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகின்றது. கல்லீரலுக்குச் செல்லும் குருதியின் அளவும் குறைகின்றது. உடலில் நீர் சுருங்கிக் கொழுப்பின் பங்கு கூடுகின்றது. ஆதலின் கொழுப்பில் தங்கும் இயல்புடைய மருந்துகள் முதியோர் உடலை விட்டு விரைவில் நீங்குவதில்லை. உறக்கத்திற்கும் மனக்கலக்கத்திற்கும் கொடுக்கப்படும் டயஸிபாம் இதற்கோர் எடுத்துக்காட்டு. இன்றிரவு உட்கொண்ட மாத்திரையின் எச்சம் நாளையும் மறுநாளும் உடலில் இருக்க, அதன்மேல் அடுத்த மாத்திரை ஏறுகின்றது. இளைஞன் ஒருவனுக்கு ஓரிரவுத் துயிலைத் தரும் அளவு, முதியவர்க்குப் பகலெல்லாம் மயக்கத்தையும் தள்ளாட்டத்தையும் தரக்கூடும்.

ஈண்டு மற்றொன்றும் கவனிக்கற்பாலது. சிறுநீரகத்தின் நிலையை அறியக் குருதியில் கிரியாட்டினின் என்னும் பொருளை அளவிடுதல் வழக்கம். அப்பொருள் தசையினின்று தோன்றுவது. முதியோர்க்குத் தசை மெலிந்திருத்தலின், சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போதும் அவ்வளவு சரியானதுபோலத் தோன்றலாம். வயதையும் கூட்டிக் கணக்கிட்டாலன்றி உண்மை புலப்படாது. மேலும், எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சட்டெனத் தாழாவண்ணம் காக்கும் உடலின் இயற்கை ஏற்பாடும் முதுமையில் மந்தமாகின்றது. மூளையோ மருந்தின் வேகத்திற்கு எளிதில் வயப்படுகின்றது. இவையெல்லாம் கூடியே, பிறர்க்கு நன்மை தரும் மருந்தை முதியவர்க்குத் தீமை தருவதாக மாற்றுகின்றன.

இனி, நம் மாவட்டத்து இல்லங்களில் மருந்துகள் வந்து குவியும் வழிகளைப் பார்ப்போம். 2021ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கிற்று. நடக்கவியலாத முதியோர்க்கு இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகளை வீட்டுத் திண்ணைக்கே கொண்டுவந்து தரும் நல்லதோர் ஏற்பாடு அது. 2017ஆம் ஆண்டு முதல் புதுக்கோட்டையிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றது. இவற்றோடு நில்லாது, திருச்சிக்கோ தஞ்சைக்கோ மதுரைக்கோ சென்று இதய மருத்துவர் ஒருவரையும் எலும்பு மருத்துவர் ஒருவரையும் கண்டு வருவாரும் உளர். ஊர் மருந்துக் கடையில் மேல் நோவுக்கென்று உறையில் இட்டுத் தரும் 'செட் மாத்திரை' ஒரு பக்கம். சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் உழைக்கும் மக்கள் விடுமுறையில் வரும்போது கொண்டுவரும் தைலமும் மாத்திரையும் ஒரு பக்கம். நாட்டு மருந்துக் கடைப் பொடியும் இலேகியமும் ஒரு பக்கம். இவை யாவும் ஒரே பையில் வந்து சேர்கின்றன. தருபவர் ஒவ்வொருவரும் தாம் தந்ததை அறிவர். பிறர் தந்ததை அறியார்.

இதன் முதற் பயன் இரட்டிப்பு. ஒரே மருந்து பல வாணிகப் பெயர்களால் விற்கப்படுகின்றது. அரசு நிலையத்தில் பெற்ற அம்லோடிபின் ஒரு நிறத்திலும், தனியார் மருத்துவர் எழுதிய அதே அம்லோடிபின் வேறொரு பெயரோடு வேறொரு நிறத்திலும் இருக்கும். மாத்திரையை நிறத்தாலும் வடிவத்தாலும் அடையாளம் காணும் முதியவர், இரண்டும் வெவ்வேறு மருந்தென நம்பி இரண்டையும் விழுங்குகின்றார். இரத்த அழுத்தம் அளவிறந்து தாழ்கின்றது. விடியற்காலையில் எழுந்து முற்றத்திற்குச் செல்பவர் நிலைப்படியருகே விழுந்துவிடுகின்றார். முதுமையில் இடுப்பெலும்பு முறிதல் எத்துணைக் கொடியதென்பதைப் பலரும் அறிவர். அதன்பின் படுக்கையை விட்டு எழாது போனவர் நம் ஊர்கள்தோறும் உண்டு. 'கால் இடறி விழுந்தார்' என்று சொல்லிவிடுகின்றோம். இடறச் செய்தது யாதென்று நாம் பெரும்பாலும் வினவுவதில்லை.

இரண்டாவது பயன் தாக்கம். இரண்டு மருந்துகளை உட்கொள்வார்க்கு அவை ஒன்றோடொன்று மோதக்கூடிய இணை ஒன்றே. ஐந்து மருந்தாயின் பத்து இணைகள். பத்து மருந்தாயின் நாற்பத்தைந்து இணைகள். கணிதம் பயிலும் மாணவர் இதனை எளிதில் சரிபார்க்கலாம். ஐந்தோ அதற்கு மேலோ மருந்துகளை நாள்தோறும் உட்கொள்ளும் நிலையையே மருத்துவ உலகம் பெரும்பாலும் 'பன்மருந்து நிலை' எனக் கொள்கின்றது. இரத்த அழுத்தத்திற்கு எனலாப்ரில் போன்ற மருந்தும், நீர் போவதற்கு ஒரு மாத்திரையும் உட்கொள்ளும் முதியவர், மூட்டு நோவுக்கென்று டைகுளோபினாக்கையும் தொடர்ந்து சேர்ப்பாராயின், இம்மூன்றும் மூன்று திசையினின்று சிறுநீரகத்தைத் தாக்குகின்றன. கோடையில் வியர்த்து நீர் குறைந்தபோதும், வயிற்றுப்போக்குக் கண்டபோதும் இத்தீங்கு விரைந்து முற்றும்.

மூன்றாவதாகச் சொல்லத்தக்கது எல்லாவற்றினும் நுட்பமானது. மருந்தால் விளைந்த துன்பத்தைப் புதிய நோயென்று மயங்கி, அதற்கு மற்றொரு மருந்து தருதலே அது. ஆலங்குடிப் பக்கத்துச் சிற்றூரில் வாழும் எழுபத்தைந்து வயது மூதாட்டி ஒருவரைக் கற்பனையாகக் கொள்வோம். அவர் அம்லோடிபின் உட்கொள்கின்றார். அம்மருந்து சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும் இயல்பினது. வீக்கத்தைக் கண்டவர் நீர் போகும் மாத்திரையாகிய புரூஸமைடைத் தருகின்றார். இவ்வீக்கம் உடலில் நீர் மிகுந்ததால் வந்ததன்று. ஆதலின் அது நன்கு வடிவதில்லை. ஆனால் சிறுநீர் மட்டும் அடிக்கடி போகின்றது. சில வேளை அடக்கவும் முடிவதில்லை. இதனைச் சிறுநீர்ப்பையின் நோயென எண்ணி வேறொருவர் ஆக்ஸிபியூட்டினின் தருகின்றார். அதனால் வாய் உலர்கின்றது, மலம் கட்டுகின்றது, சிந்தை தடுமாறுகின்றது. பேரன் பெயரை மறந்து பேசும் அப்பத்தாளைக் கண்டு வீட்டார், 'வயதாகிவிட்டது, புத்தி மாறாட்டம்' என்று வருந்துகின்றனர். இத்துன்பத்தொடர் முழுவதற்கும் முதற்காரணம் ஒரு மாத்திரையே. அதனை மாற்றியிருந்தால், அன்றி அளவைக் குறைத்திருந்தால், பின் வந்த இரண்டும் வேண்டப்பட்டிரா. இத்துன்பங்களுள் எதுவும் எவருடைய தீய எண்ணத்தாலும் நிகழ்ந்ததன்று என்பதையும் நோக்குக.

தலைசுற்றலுக்கென்று மாதக்கணக்கில் உட்கொள்ளப்படும் சின்னரிஸின், புரோகுளோர்பெரஸின் ஆகியவையும் இவ்வகையினவே. சில நாள் உட்கொள்ளின் பயன் தரும் இவை, நெடுநாள் தொடரின் முதியோர்க்குக் கை நடுக்கத்தையும் நடைத்தளர்ச்சியையும் உண்டாக்கவல்லன. அதனைப் பார்க்கின்ஸன் நோயென மயங்கி அதற்கும் மருந்து தொடங்கப்படுதல் உண்டு. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் குளோர்பெனிரமின், பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகள் முதியோர்க்கு மயக்கமும் சிறுநீர் அடைப்பும் தரக்கூடும். சர்க்கரைக்குரிய கிளிபென்கிளமைடு நெடுநேரம் உடலில் நின்று வேலை செய்வது. உணவு குறைந்த நாளில் அது குருதிச் சர்க்கரையை அபாயமான அளவிற்குத் தாழ்த்திவிடும். ஏகாதசியிலும் ரமலானிலும் தவக்காலத்திலும் நோன்பு நோற்கும் முதியோர், மாத்திரையை வழக்கம்போல் விழுங்கிவிட்டு உணவை மட்டும் விடுதல் பெருங்கேடாகும். சர்க்கரை தாழ்ந்தவர் வியர்த்து, குழறிப் பேசி, சில வேளை பக்கவாதம் வந்தவர்போலவே காணப்படுவர்.

நாட்டு மருந்தாயின் தீங்கில்லை என்னும் எண்ணமும் திருத்தத்தக்கது. அதிமதுரத்தை மிகுதியாகவும் நெடுநாளும் உண்பார்க்கு இரத்த அழுத்தம் ஏறுதலும் குருதியில் பொட்டாசியம் குறைதலும் நேரும்; நீர் மாத்திரை உட்கொள்வார்க்கு இது இன்னும் தீது. வாதத்திற்கென்று பெயரும் சேர்மானமும் குறியாமல் விற்கப்படும் பொடிகளுட் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தமை சோதனைகளிற் புலப்பட்டதுண்டு. நோவு உடனே நின்றதென்று மகிழ்ந்தவர்க்குப் பின்னர்ச் சர்க்கரை ஏறுதலும் எலும்பு மெலிதலும் வந்து சேர்கின்றன. முறையாகக் கற்ற சித்த மருத்துவரிடம் சென்று, தாம் உட்கொள்ளும் ஆங்கில மருந்துகளையும் அவர்க்குக் காட்டி மருந்து பெறுதலே நெறியாகும்.

இக்கேட்டினை அறிஞருலகம் உணர்ந்து ஆராயத் தொடங்கிச் சில பத்தாண்டுகளே ஆயின. அமெரிக்க நாட்டு மருத்துவர் மார்க் பியர்ஸ் என்பாரும் அவருடன் இருந்தோரும், முதியோர் இல்லங்களில் வாழ்வார்க்குத் தவிர்க்கத்தக்க மருந்துகளின் பட்டியல் ஒன்றை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1997இல் அது 65 வயதிற்கு மேற்பட்டார் அனைவர்க்கும் உரியதாக விரிக்கப்பட்டது. பின்னர் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதனை ஏற்றுப் பன்முறை திருத்தி, 2023லும் புதுப்பித்தது. மேலே கூறிய டயஸிபாம், கிளிபென்கிளமைடு, பழைய ஒவ்வாமை மாத்திரைகள், நெடுநாள் உட்கொள்ளும் நோவு நீக்கிகள் முதலியன அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. அயர்லாந்து நாட்டு மருத்துவர் முன்னின்று 2008இல் வெளியிட்ட மற்றொரு முறை 'ஸ்டாப்', 'ஸ்டார்ட்' என்னும் இரு பகுதிகளை உடையது. முன்னது நிறுத்தத்தக்க மருந்துகளையும், பின்னது தொடங்கத்தக்க மருந்துகளையும் கூறும். உலக சுகாதார நிறுவனம் 2017ஆம் ஆண்டில் 'தீங்கற்ற மருந்தளிப்பு' என்னும் கருத்தினை முன்வைத்து உலக நாடுகளை அழைத்தது. பன்மருந்து நிலையும், ஒரு மருத்துவரிடமிருந்து மற்றொருவரிடமும் மருத்துவமனையினின்று இல்லத்திற்கும் நோயாளி மாறும் வேளையும் தனிக் கவனத்திற்குரியன என்று அது குறித்தது.

தமிழ்நாடு இத்துறையில் பின்தங்கியதன்று. 1978ஆம் ஆண்டிலேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர்க்கெனத் தனிப் புறநோயாளர் பிரிவு டாக்டர் வி. எஸ். நடராஜன் அவர்களின் முயற்சியால் தோன்றிற்று. 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்தில் மேற்பட்டப் படிப்பும் தொடங்கிற்று. அவர் 2012இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2024ஆம் ஆண்டில் சென்னைக் கிண்டியில் முதியோர்க்கெனத் தேசிய மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. சட்டமும் இல்லாமலில்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துச் சட்டத்தையொட்டி 1945இல் இயற்றப்பட்ட விதிகளின்படி, 'எச்' அட்டவணை மருந்துகளைப் பதிவு பெற்ற மருத்துவரின் சீட்டின்றி விற்றலாகாது. 2013இல் சேர்க்கப்பட்ட 'எச் 1' அட்டவணையில் டயஸிபாம், அல்பிரஸோலம் முதலிய உறக்க மருந்துகளும் உள. அவற்றை விற்பவர் விவரங்களைத் தனி ஏட்டிற் குறித்து மூன்றாண்டுகள் வைத்திருத்தல் வேண்டும். ஆயினும் பட்டியலும் சட்டமும் வீட்டு மாடத்தில் இருக்கும் மருந்துப் பையை அவிழ்த்துப் பார்க்கமாட்டா. அது வீட்டார் செய்யவேண்டிய வேலை.

இதுகாறும் கூறியவற்றைக் கேட்டு, 'அங்ஙனமாயின் மருந்துகளையெல்லாம் நிறுத்திவிடலாமே' என்று எண்ணுதல் முற்றிலும் தவறு. வயதானவர்தாமே என்று இரத்த அழுத்தத்தைக் கவனியாது விடுதலும், தேவையான மருந்தைத் தராதிருத்தலும் அத்துணையே பிழையாகும். அட்டினலால் போன்ற இதய மருந்துகளையும், நெடுநாள் உட்கொண்ட உறக்க மாத்திரைகளையும், ஸ்டீராய்டுகளையும் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம். குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவரே ஆராய்ந்து, படிப்படியாகச் செய்யற்பாலன. நாம் வேண்டுவது மருந்தை வெறுத்தல் அன்று. முழுவதையும் ஒருவர் கண்முன் வைத்தல்.

அதற்குரிய வழிகள் எளியன. முதலாவது, வீட்டிலுள்ள மாத்திரை, தைலம், சொட்டு மருந்து, பொடி, கஷாயம் யாவற்றையும் ஒரு துணிப்பையில் இட்டு, ஆண்டுக்கு இருமுறையேனும் ஒரே மருத்துவரிடம் கொண்டுசென்று காட்டுதல். மருத்துவமனையில் தங்கி வீடு திரும்பும்போது இது மிகவும் இன்றியமையாதது. பழைய மருந்துகளுள் எவை தொடரும், எவை நின்றன என்று அப்போதே கேட்டறிதல் வேண்டும். இரண்டாவது, ஒரு பட்டியல் எழுதுதல். மருந்தின் வாணிகப் பெயரை மட்டுமன்றி, அட்டையில் சிற்றெழுத்தில் அச்சிட்டிருக்கும் உண்மைப் பெயரையும், அளவையும், உட்கொள்ளும் வேளையையும், எந்நோய்க்கென்பதையும், எவர் தந்தார் என்பதையும், எந்நாள் தொடங்கிற்று என்பதையும் தமிழில் தெளிவாக எழுதுக. ஒரு படி சுவரில் இருக்க. மற்றொன்று பாட்டியாரின் சுருக்குப்பையில் இருக்க. உண்மைப் பெயர் இருமுறை வருமாயின் இரட்டிப்பு அங்கேயே வெளிப்படும்.

மூன்றாவது, புதிய துன்பம் எது தோன்றினும், அண்மையில் புதிய மருந்து எதுவும் தொடங்கிற்றா, அளவு கூடிற்றா என்று முதலில் எண்ணிப் பார்த்து, அதனை மருத்துவரிடம் சொல்லுதல். நான்காவது, பணிவோடு வினவுதல். 'இம்மருந்து இன்னும் வேண்டுமா? எத்துணை நாளைக்கு? சிறுநீரகத்தின் நிலைக்கு இவ்வளவு பொருந்துமா? இவற்றுள் குறைக்கத்தக்கது உண்டா?' என்று கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் சினவார். ஐந்தாவது, மருந்தால் தீங்கு நேர்ந்ததென ஐயுறின் அறிவித்தல். இந்திய அரசு 2010ஆம் ஆண்டில் இதற்கென ஒரு கண்காணிப்புத் திட்டத்தைத் தொடங்கியுள்ளது. 1800 180 3024 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பொதுமக்களும் தெரிவிக்கலாம்.

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அருகிருந்து பணிபுரிவானையும் ஓர் உறுப்பாக எண்ணினார். அந்நான்காம் இடமே நம் மாணவர்க்கு உரியது. அட்டையில் உள்ள ஆங்கிலச் சிற்றெழுத்தை முதியவர் கண் படித்தறியாது; நம் கல்லூரி மாணவர் எவரும் படித்தறிவர். பள்ளிக்கும் கல்லூரிக்கும் நம்மை அனுப்பிவைத்த முதியோர்க்கு அக்கல்வியால் உடனே செய்யக்கூடிய கைம்மாறு இது. எதிர்வரும் விடுமுறைக்கு அறந்தாங்கிக்கோ திருமயத்திற்கோ பொன்னமராவதிக்கோ செல்லும் நண்பர்கள், ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கி, மருந்துப் பையை விரித்து வைத்து, ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொண்டு முதியோர் அருகே அமர்வாராக. அத்தாள் மருத்துவர் கையை அடையுமாயின், ஒரு வீழ்ச்சியேனும் தவிரும்; ஒரு முதியவரேனும் தெளிந்த சிந்தையோடு தம் பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பார்.